பெட்டியில் தட்டச்சிட்டது எங்கே போகிறது?

பைத்தானில் சன்னல், பட்டன், பெட்டி எல்லாம் உருவாக்கித் தரும் டிகின்டர் (tkinter) பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: என்ட்ரி பெட்டியில் 500 என்று தட்டுகிறேன், நிரலுக்கு வெற்றுச் சரம்தான் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) கிடைக்கிறது, ஏன்? பைத்தானை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்வார்கள் சிலர். அது பரிகாரம் செய்வது மாதிரி; பலன் இருக்காது.

பெட்டியை உருவாக்கிய கையோடு அடுத்த வரியிலேயே, உள்ளே இருப்பதை எடுத்துத் தரும் 'கெட்' (get) எழுதியிருப்பீர்கள். அந்த வரி ஓடும்போது சன்னலே இன்னும் திரைக்கு வந்திருக்காது. உள்ளே என்ன இருக்கும்?

கடைசி வரியில் எழுதும் 'மெயின்லூப்'தான் இங்கே சூத்திரதாரி. ஒவ்வொரு விசையழுத்தமும் சொடுக்கும் ஒரு வரிசையில் வந்து நிற்கின்றன. மெயின்லூப் ஒவ்வொன்றாக எடுத்து உரியவரிடம் கொடுக்கிறது: '5' என்ற விசை பெட்டிக்கு, சொடுக்கு பட்டனுக்கு. பட்டன் தன்னிடம் ஒப்படைத்த செயற்கூறை (function) அப்போது கூப்பிடுகிறது. ஆகவே 'கெட்' அந்தச் செயற்கூறுக்குள் இருக்க வேண்டும். பட்டனின் 'கமாண்ட்' பகுதியில் செயற்கூறின் பெயரை மட்டும் கொடுங்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது அங்கேயே ஓடி முடிந்துவிடும். பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் பட்டன் ஊமைதான். செயற்கூறுக்குள் 'டைம்.ஸ்லீப்' வைத்துப் பத்து விநாடி நிறுத்தினால் வரிசை முழுக்கத் தேங்கி, சன்னல் உறைந்துவிடும். காத்திருக்க வேண்டுமானால், குறித்த நேரம் கழித்துச் செயற்கூறைக் கூப்பிடும் 'ஆஃப்டர்' (after) இருக்கிறது.

'நன்டைப்'புக்கு (NoneType) 'கெட்' இல்லை என்று பிழை வந்தால், பெட்டியை உருவாக்கிய அதே வரியில், பெட்டியைச் சன்னலில் பொருத்தும் '.பேக்()' ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பேக் திருப்பித் தருவது 'நன்' (None), அதாவது ஒன்றுமில்லை. உங்கள் மாறியில் பெட்டி இல்லை, அதுதான் இருக்கிறது. இரண்டு வரியாகப் பிரித்தால் போதும். ஒற்றை வரியில் எழுதிக்காட்டும் பாடநூல்களைத்தான் திட்ட வேண்டும்.

அடுத்து, பெட்டி தருவது எப்போதும் சரம். 500-உம் 50-உம் கூட்டினால் 50050. 'இன்ட்' போட்டு எண்ணாக்குங்கள். '1,500' என்றால் காற்புள்ளியை முதலில் நீக்க வேண்டும், '12.5' போன்ற தசம எண்ணுக்கு 'ஃப்ளோட்' வேண்டும். வெற்றுப் பெட்டிக்கு 'வேல்யூ எரர்' என்ற பிழை வரும், அதை 'ட்ரை–எக்செப்ட்' கொண்டு பிடியுங்கள். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை 'இன்ட்' தானே உதறிவிடும்.

தமிழ் எண்களையும் அது வாசிக்கும். பெட்டியில் ௧௨ என்று தட்டினால் 12 கிடைக்கும், யூனிகோடில் அவை பதின்ம இலக்கங்களாகப் பதிவாகியிருப்பதால். பழைய முறையில் பத்துக்கு ௰ போட்டால் மட்டும் பிழைதான்: அது இலக்கமல்ல, பத்து என்ற முழு எண்ணுக்கான தனிக் குறி.