துணையை இழந்த பூனை எதைத் தேடுகிறது?

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒரே ஈற்றில் பிறந்து ஒன்றாகவே வளர்ந்த இரண்டு பூனைகளில் கடுவன், சிறுநீரகம் பழுதாகிச் செத்துவிட்டது. மிஞ்சிய பெட்டை அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, பல்கனிக் கதவடியில் என்று மோந்து மோந்து திரிகிறதாம், இரவில் நீளமாகக் கத்துகிறதாம், சாப்பாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதாம். "பூனை அழுவது வீட்டுக்கு ஆகாது, இன்னொரு சாவு விழும் என்று மாமி சொல்கிறா. பூனைக்கு உண்மையிலேயே துக்கம் தெரியுமா? உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடலாமா?" இவைதான் கேள்விகள்.

முதலில் மாமிக்கு. பூனை கத்துவது நடந்த சாவுக்காக, வரப்போகிற சாவுக்காக இல்லை. கூட இருந்தவன் எங்கே என்று கூப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். இதைச் சகுனமாக்கி, துணையை இழந்து நிற்கிற பூனையைச் சாக்குக்குள் போட்டு எங்காவது ஒரு சந்தையடியில் இறக்கிவிட்டு வருகிற வேலை இன்னும் நடக்கிறது, படித்தவர்கள் வீட்டிலும்தான். எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை கிடையாது.

துக்கம் தெரியுமா என்றால், மாற்றம் வருகிறது என்பதில் சந்தேகமில்லை. 1996இல் அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் எடுத்த கணக்கில், கூட்டாளியை இழந்த பூனைகளில் 46 சதவீதம் வழமையைவிடக் குறைவாகச் சாப்பிட்டன, ஏறக்குறைய 70 சதவீதத்தின் கத்தல் கூடியது அல்லது குறைந்தது. 2016இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து வீடுகளை வைத்து வந்த ஆய்வு, செத்ததுக்குப் பிடித்த இடங்களை மற்றது தேடிப் போனதாகச் சொல்கிறது. 2024இல் மிச்சிகனில் உள்ள ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தார் 400க்கு மேற்பட்டவர்களைக் கேட்டபோதும் அதே கதைதான்: நெருக்கமாக இருந்த பூனை போனால் மிஞ்சியதன் தூக்கமும் சாப்பாடும் விளையாட்டும் குறைகின்றன. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வளர்ப்பவர் எவ்வளவு துக்கப்பட்டாரோ அவ்வளவுக்கு அவர் பூனையிலும் சில மாற்றங்களைக் கூடுதலாகக் கண்டார். தன் துக்கத்தைப் பூனையின் முகத்தில் வாசிக்கிறாரா, அல்லது அழுகிற ஆள் இருக்கிற வீட்டில் பூனையும் கலங்குகிறதா என்பதைக் கேள்விக்கொத்து பிரித்துச் சொல்லாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மேலே சொன்ன பூனைகள் எல்லாம் வெளிநாட்டுப் பூனைகள். பகலில் குசினியில் படுத்து இரவில் மதில் ஏறிப் போகிற கொழும்புப் பூனை கூட்டாளியை இழந்தால் என்ன செய்கிறது என்று பார்க்க நாலு கமராவும் பொறுமையான ஒரு மாணவரும் போதும். நாட்டுக்கு ஒரேயொரு மிருக வைத்திய பீடம், பேராதனையில் இருக்கிறது. பணமில்லை என்ற பதிலை மலிவான கேள்விகளுக்கும் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். சரி, அதை விடுவோம்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை, தனியே வேட்டையாடித் தனியே திரிகிற விலங்கு. தானியம் குவிந்த இடத்தில் எலியும், எலிக்குப் பின்னால் பூனையும் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஒரே இடத்தில் நிறையத் தீனி கிடைத்ததும் அது சேர்ந்து வாழப் பழகியது, அதுவும் எல்லாரோடும் இல்லை, தாய், மகள், சகோதரி என்று பெட்டைகளைச் சுற்றிய சிறு கூட்டங்களாக. கொட்டாஞ்சேனை மீன்கடைகளின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் எது எதோடு ஒட்டிப் படுக்கிறது, எது எதைக் கண்டால் சீறுகிறது என்று நீங்களே பார்க்கலாம். எனக்கு வியப்பு என்னவென்றால், இந்தச் சேர்க்கைக்காகப் பூனை பழைய கருவி ஒன்றையே எடுத்து வேறு வேலைக்குப் போட்டது. எல்லை குறிக்கிற மணத்தை உறவு குறிக்கவும் வைத்துக்கொண்டது.

பூனையின் கன்னம், நாடி, வாயோரம், நெற்றியின் இரு பக்கம், வாலடி, பாதத்து மெத்தை எங்கும் மணச் சுரப்பிகள் உண்டு. பத்ரிக் பஜா என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் 1990களில் முகத்துச் சுரப்பை ஐந்து கலவைகளாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் மூன்றாவது, மேசைக்கால், கதவு மூலை, உங்கள் மடிக்கணினியின் விளிம்பு என்று பொருட்களில் தேய்ப்பது. ஒலெயிக் அமிலம், பால்மிட்டிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்கள் அதில் இருக்கின்றன. சுவர்ப் பிளக்கில் செருகி வைக்கிற பூனை அமைதி மருந்தில் இருப்பது இதன் செயற்கைப் பிரதி. நான்காவது கலவையைப் பூனை பொருட்களில் வீணாக்குவதில்லை, தனக்குத் தெரிந்த உயிர்களில் மட்டும் பூசுகிறது. உங்கள் கெண்டைக்காலில் தலையை முட்டித் தேய்க்கும்போது நடப்பது அதுதான்.

இரண்டு பூனைகள் சிநேகமாக இருந்தால், ஒன்று வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் வாலை நிமிர்த்திக்கொண்டு மற்றதிடம் வந்து, தலையோடு தலை, விலாவோடு விலா உரசும். பிறகு ஒன்றையொன்று நக்கும், ஒன்றின்மேல் ஒன்று படுக்கும். இதன் மணம் அதில், அதன் மணம் இதில். கொஞ்சக் காலத்தில் இரண்டுக்கும் பொதுவான ஒரு கூட்டு மணம் உருவாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் மாதிரி. வீட்டுக்கு வீடு அளவு வேறு, ஆனால் எந்த வீட்டுத் தூள் என்று அந்த வீட்டாருக்கு மூடி திறந்ததுமே தெரியும். ஒரு சரக்கை விட்டுவிட்டு இடித்தால், எது குறைகிறதென்று சொல்லத் தெரியாவிட்டாலும், இது நம் வீட்டுத் தூள் இல்லை என்று மூக்கு சொல்லிவிடும். பூனைக்கும் இந்தக் கலவை ஒருமுறை செய்து முடிகிற பொருள் இல்லை, உரசி உரசிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை வாசிக்க அதற்கு மூக்கு மட்டுமில்லை, இன்னொரு உறுப்பும் இருக்கிறது. மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் இரண்டு சிறு துளைகள், அங்கிருந்து ஒரு குழாய், அதன் முடிவில் டென்மார்க்கின் லுட்விக் யாக்கோப்சன் 1813இல் விவரித்த உறுப்பு. பூனை எதையாவது மோந்துவிட்டு வாயை அரைவாசி திறந்தபடி முட்டாள் மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்போது மணத்தை இந்தக் குழாய்க்குள் இழுக்கிறது. அந்தச் செய்தி சாதாரண மணம் போகிற வழியால் போவதில்லை. மூளையில் தனியாக ஒரு குமிழுக்குப் போய், அங்கிருந்து பயமும் உறவும் சம்பந்தப்பட்ட அமிக்டலாவுக்கும் ஹைப்போதலமசுக்கும் இறங்குகிறது.

கூட்டு மணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஒரு பூனையை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்விட்டு வாருங்கள். மருந்து மணத்தோடு அது உள்ளே வரும்போது, காலையில் அதோடு கட்டிப்பிடித்துப் படுத்திருந்த மற்றது முதுகு மயிரைச் சிலிர்த்துச் சீறலாம். கண்ணுக்கு அதே பூனைதான், ஆனால் மணம் அந்நியம்.

இப்போது சாவுக்கு வருவோம். கொழுப்பமிலங்கள் சட்டென்று காற்றில் பறந்து போகிறவை அல்ல. துவாயில், பாயில், சோபா மூலையில் கடுவனின் மணம் அப்படியே ஒட்டியிருக்கிறது. அவன் இங்கேதான் இருக்கிறான் என்று மூக்கு சொல்கிறது, ஆனால் வீடு முழுக்கத் தேடினாலும் ஆளில்லை. அப்புறம், புதுப்பிக்க ஆளில்லாததால் கலவை நாளுக்கு நாள் மாறுகிறது, பூனையின் சொந்த உடம்பு மணமும் சேர்ந்தே மாறுகிறது. அந்த அலைச்சலில் பெரிய பங்கு இதற்குத்தான் என்பது என் கணிப்பு.

அதனால்தான் சொல்கிறேன், செத்த மறுநாளே வீட்டைக் கழுவித் தள்ளாதீர்கள். நம் வீடுகளில் சாவு என்றதும் முதலில் கை போவது பினைல் போத்தலுக்கு. அது மணத்தை ஒரேயடியாகத் துடைப்பதோடு நிற்காது. அதில் இருக்கக்கூடிய பினோல் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்ற நம் ஈரலில் இருக்கிற நொதி வசதி பூனைக்கு மிகக் குறைவு, ஈரத்தரையில் நடந்து காலை நக்கினால் அதுவே நஞ்சாகிவிடும். கடுவன் படுத்த துணியைத் தோய்க்காமல் அதே இடத்தில் விடுங்கள், தானாக மங்கட்டும். ஒரு விதிவிலக்கு: செத்தது தொற்றுநோயில் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பூனைகளைக் கொல்லும் பார்வோ வகை வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும், துணியை எரித்துவிட வேண்டியதுதான், தரைக்கு நீர்த்த பிளீச், அது காயும்வரை பூனையை வேறு அறையில் வைக்க வேண்டும். விசர்நோய்ச் சந்தேகம் இருந்தால் உடலை வெறுங்கையால் தொடவே கூடாது. உங்கள் கதையில் சிறுநீரகம்தான், ஆகவே பயமில்லை. ஆனால் கூடப்பிறந்ததாயிற்றே, பேர்சியன் கலப்பு என்றால் சிறுநீரக நீர்க்கட்டி நோய் பரம்பரையாக வரும், பெட்டையையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து கத்தலில் இல்லை, சாப்பாட்டில். பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலுக்கு வந்து குவிகிறது. அதைக் கையாளத் தேவையான புரதம் உள்ளே வராததால் இரண்டு மூன்று நாளிலேயே ஈரல் கொழுத்து வேலையை நிறுத்தத் தொடங்கலாம், குண்டுப் பூனை என்றால் இன்னும் மோசம். ஆகவே ஒரு முழு நாள் எதுவுமே தின்னவில்லையென்றால், துக்கம், தானாகச் சரியாகும் என்று உட்கார்ந்திருக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். அதற்கு முன், உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்த சூரை மீனை இளஞ்சூட்டில் கொடுத்துப் பாருங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த சாப்பாட்டில் மணம் எழும்பாது, மணம் இல்லாததைப் பூனை சாப்பாடாகவே கணக்கெடுக்காது. வழமையான நேரம், வழமையான கோப்பை, வழமையான விளையாட்டு. கட்டிப்பிடித்துத் தேற்ற வேண்டாம், அது மடிக்கு வந்தால் மட்டும் இடம் கொடுங்கள்.

குட்டி? இப்போது வேண்டாம். அந்நிய மணத்தோடு ஒரு குட்டி வந்து இறங்கினால், ஏற்கனவே குழம்பிய கலவைக்குள் இன்னொரு கலக்கம், வேறொன்றுமில்லை. சில பூனைகளுக்குத் தேவைப்படுவது ஒரு குறிப்பிட்ட பூனைதான், ஏதோ ஒரு பூனை அல்ல. சாப்பாடும் தூக்கமும் பழையபடி திரும்பி, அதற்குப் பிறகும் நீங்கள் விரும்பினால், தடுப்பூசி போட்ட குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தனி அறையில் இரண்டு கிழமையாவது வையுங்கள், நோய் ஏதும் ஒளிந்திருந்தால் வெளியே தெரிய அந்த அவகாசம் வேண்டும். அந்த நாட்களில் ஒரு துவாயால் குட்டியின் கன்னத்தைத் தடவிப் பெரியதன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வையுங்கள், பெரியதைத் தடவிய துவாயைக் குட்டியிடம் கொண்டுபோங்கள். துவாயைக் கண்டு சீறினால் கொஞ்சம் தள்ளி வைத்துத் திரும்பத் தொடங்குங்கள். சீறாமல் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டால், மூடிய கதவின் இரு பக்கமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைக்கலாம். கதவைத் திறப்பது அதற்கும் பிறகுதான்.