பா ஜெ என்றால் எண்பது சதவீதத் தள்ளுபடி இல்லை

மறுபடியும் அதே தப்பு. சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து வந்த விலைப்பட்டியலில் ‘பா ஜெ’ என்று போட்டிருக்கிறது. ‘பா’ என்றால் எட்டு. ‘ஜெ’ என்றால் தள்ளுபடி என்று மொழிபெயர்ப்புச் செயலி சொல்கிறது. அங்கிருந்து சரக்கு வாங்கும் நம்மவர்கள் எண்பது சதவீதம் கழிவு என்று கணக்குப் போட்டு, தங்கள் வாடிக்கையாளருக்கும் விலை சொல்லிவிடுகிறார்கள். பிறகு பில் வந்ததும் சீனாக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை.

அவர் ஏமாற்றவில்லை. ‘ஜெ’ போட்டால் கழிக்கும் பங்கை அல்ல, கொடுக்க வேண்டிய பங்கைத்தான் சொல்வார்கள். பா ஜெ என்றால் பத்தில் எட்டுப் பங்கு கொடுங்கள் என்று பொருள். 100 யுவான் பொருள் 80 யுவானுக்குக் கிடைக்கும். ‘ச்சி வூ ஜெ’, அதாவது ஏழு ஐந்து என்றால் 75 யுவான். எண் சிறியதாக ஆக, வாங்குபவருக்கு லாபம்.

அந்த ‘ஜெ’ எழுத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இடப்பக்கம் கை, வலப்பக்கம் கோடரி. ஒடிப்பது, முறிப்பது என்பது அதன் பழைய பொருள். காகிதம் மடிப்பதற்கும் அதே எழுத்து. எலும்பைக் குறிக்கும் ‘கூ’வோடு சேர்ந்தால் ‘கூஜெ’, எலும்பு முறிவு. கயிறு அறுந்துவிட்டது என்று சொல்லும்போது அதே எழுத்தை ‘ஷெ’ என்று படிக்க வேண்டும். வியாபாரத்தில் போட்ட முதல் போனால் ‘ஷெபென்’, அதுவும் இதே எழுத்துதான். ‘ஜெதெங்’ என்று முதல் தொனியில், அதாவது சீனத்தில் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களில் முதலாவதில் வந்தால், ஒருவரைப் படுத்தி எடுப்பது. ஒரே எழுத்து, மூன்று உச்சரிப்பு. வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் விற்பவருக்கு வரும் நஷ்டமும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இவ்வளவு குழப்பத்துக்கும் வேர் ஒரு நம்பிக்கை: “சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரு படம், ஒரு படத்துக்கு ஒரு பொருள்.” மலை, மரம், சூரியன், நிலா என்று நாலு படத்தைக் காட்டி வகுப்பில் ஆள் சேர்க்கிறார்கள். அந்த நாலும் சரி. ஆனால் பெரும்பாலான எழுத்துகள் அப்படி உருவானவை இல்லை. ஒரு பாதி பொருளுக்குக் குறிப்புக் கொடுக்கும், மறு பாதி ஒலிக்குக் குறிப்புக் கொடுக்கும். அம்மாவைக் குறிக்கும் ‘மா’வில் பெண்ணும் இருக்கிறாள், குதிரையும் இருக்கிறது. குதிரைக்கும் சீனத்தில் ‘மா’ என்றுதான் பெயர், தொனி மட்டும் வேறு. அந்த ஒலிக்காகத்தான் குதிரை அங்கே வந்தது. இதற்குக் கதை கட்டி மனப்பாடம் செய்யாதீர்கள்.

இன்னொன்று. எழுத்து வேறு, சொல் வேறு. ‘தோங்’ கிழக்கு, ‘ஷி’ மேற்கு. சேர்ந்து ‘தோங்ஷி’ என்றால் பொருள், சாமான். ‘மா’ குதிரை, ‘ஷாங்’ மேலே. ‘மாஷாங்’ என்றால் உடனே. தனித்தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தால் இங்கே எங்கும் போய்ச் சேர முடியாது. அதிலும் தோங்ஷியின் இரண்டாம் அசையை லேசாக விட்டால்தான் சாமான். முழுத் தொனியில் அழுத்தினால் கிழக்கு மேற்கு என்றே ஆகிவிடும். ‘தீதாவ்’ என்பதும் அப்படித்தான்: லேசாக முடித்தால் அசல், முழுதாகச் சொன்னால் சுரங்கப்பாதை. சீன அகராதியான ‘ஷியென்தாய் ஹான்யூ த்ஸதியென்’ இந்த லேசான அசைக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்கிறது. அந்தப் புள்ளியைக் கவனிக்காமல் சொற்பட்டியலை எழுதி எடுப்பதில் பயனில்லை. தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொனியும், காற்றைத் தள்ளிச் சொல்லும் மூச்சொலியும் அதில் பதியாது. பக்கத்தில் தொனி எண்ணையாவது போடுங்கள்.

தமிழ் பேசுகிறவருக்கு இதெல்லாம் புதிதாக இருக்கக் கூடாது. நாம் போன் அடிக்கிறோம், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம், பிரிண்ட் அடிக்கிறோம். யாரையும் அடிக்கவில்லை. சீனத்தில் ‘தா’வுக்கு முதல் பொருள் அடிப்பது, இந்த மூன்றுக்கும் அதே ‘தா’தான். அங்கிருந்து அது தன் வழியில் போகிறது: ஊசி போடுவது ‘தா ஜென்’, குடை பிடிப்பது ‘தா ஸான்’, மீந்த சாப்பாட்டைக் கட்டி வாங்குவது ‘தாபாவ்’. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ‘தபாவ்’ என்று தினமும் சொல்வது இதன் கான்டனீஸ் வடிவம்தான். ‘தா’வுக்கு இருபது பொருள் எழுதி உருப்போடுவதை விட்டுவிட்டு, ‘தா ஜென்’ என்று சேர்த்தே ஒரு சொல்லாகப் படியுங்கள். ‘காய்’ வந்தாலும் இதே முறைதான்: கதவு திறப்பது, கார் ஓட்டுவது, தண்ணீர் கொதிப்பது, மருத்துவர் மருந்து எழுதுவது.

ஊர் மாறினால் பொருளும் மாறும். ‘தூதோவ்’ என்றால் பெய்ஜிங்கில் உருளைக்கிழங்கு, தைவானில் நிலக்கடலை. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தயவுசெய்து ‘ஹுவாஷெங்’ என்று கேளுங்கள், இரு பக்கமும் அது கடலைதான். ‘ஆய்ரென்’ சீனப் பெருநிலத்தில் கணவன் அல்லது மனைவி. தைவானில் காதலன், காதலி. அலுவலக விருந்தில் இதைத் தப்பாகச் சொன்னால் திருத்துவது கஷ்டம்.

பணம் சம்பந்தப்பட்ட தாளில்தான் எனக்குப் பயம். ஒருவர் 10,000 யுவான் கடன் வாங்கினார். பிறகு எழுதிய சீட்டில் ஓர் எழுத்து, அடுத்து பாக்கி, அடுத்து 4,000. அந்த முதல் எழுத்தை ‘ஹாய்’ என்று படித்தால் இன்னும் 4,000 பாக்கி. ‘ஹுவான்’ என்று படித்தால் 4,000 திருப்பியாயிற்று, மிச்சம் 6,000. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த எழுத்தைத் தனியாக எழுத விடாதீர்கள். கட்டியது என்றால் ‘யீ ஹுவான்’, பாக்கி என்றால் ‘ஷாங் ச்சியென்’ என்று எழுதச் சொல்லுங்கள். தொகையை வங்கி எண்ணெழுத்திலும், அதாவது எளிதில் திருத்த முடியாதபடி கோடுகள் அதிகமுள்ள எண் எழுத்துகளிலும் எழுத வேண்டும்.

முன்கூட்டிக் கொடுக்கும் பணத்தைப் பற்றிப் பேசும்போது ‘திங்ஜின்’ என்று காதில் விழுந்தால் எழுதிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதல் எழுத்தின் தலையில் கூரை இருந்தால் அது பிணைத்தொகை: நீங்கள் பின்வாங்கினால் திரும்பக் கிடைக்காது, அவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சீனக் குடிமையியல் சட்டத் தொகுப்பு இதை ஒப்பந்த மதிப்பில் 20 சதவீதத்துக்கு மேல் போக விடுவதில்லை. இடப்பக்கம் பேச்சைக் குறிக்கும் உறுப்பு இருந்தால் அது வெறும் முன்பணம், அந்த இரட்டிப்பு விதி அதற்குப் பொருந்தாது.

‘யீஷாங்’ என்பதை ‘மேல்’ என்று மொழிபெயர்த்துவிட்டுப் போகிறார்கள். சட்டத்தில் அது அந்த எண்ணையும் சேர்த்தே சொல்கிறது. 100 யீஷாங் பா ஜெ என்றால் நூறாவது பெட்டியிலேயே சலுகை வந்துவிடும். 101 வாங்கத் தேவையில்லை.

செயலி காட்டும் முதல் பொருளோடு நிறுத்தாதீர்கள். கீழே இறங்கி எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பணம் அனுப்பும் முன் விற்பவருக்கு எண்ணிலேயே எழுதிக் கேளுங்கள்: ஒன்று 80 யுவான், 100 எண்ணம், மொத்தம் 8,000 யுவான், சரியா? பதில் வந்த பிறகு அனுப்புங்கள்.