கிளப் தந்த செக்கும் கூட வந்த கடிதமும்

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வரும் தபாலில் ஒரு தனி ரகம் உண்டு. பூப்போட்ட வாழ்த்து அட்டை, அதற்குள் மடித்து வைத்த செக், ஓரத்தில் பேனாவால் "எங்கள் ஊர்ப் பெண், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. அனுப்பியது ஏதோ ஒரு சிற்றூரின் ரோட்டரி கிளப்பாகவோ லயன்ஸ் கிளப்பாகவோ கிவானிஸாகவோ இருக்கும். தொகை 500, 1,000, அதிகம் போனால் 2,500 டாலர். படிக்கும்போது மனசு இளகத்தான் செய்யும். ஆனால் எந்தப் பெண், மாணவர் எண் என்ன, இந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம், ஒன்றும் இருக்காது.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மே மாதப் பள்ளி விழாவில் ஆளுயர அட்டைச் செக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பணம் போகிற பாதையைப் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தான். அந்தப் பாதையில் தொகையைவிட, செக்கோடு வரும் கடிதத்தின் ஒரே ஒரு வரி பெரிய வேலை செய்கிறது. நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும்.

இந்த கிளப்புகள் நேற்று முளைத்தவை அல்ல. ரோட்டரி 1905ல் சிகாகோவிலும் கிவானிஸ் 1915ல் டெட்ராய்டிலும் தொடங்கின. லயன்ஸ் 1917ல் வந்தது. ஊர்ப் பிள்ளைகளை ஊரே படிக்க வைக்கலாம் என்பதை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் நகரில் கண் பரிசோதகராக இருந்த இர்விங் ஃப்ராட்கின். ஊரில் ஆளுக்கு ஒரு டாலர் போட்டால் போதும் என்று 1958ல் அவர் ஆரம்பித்ததுதான் 'டாலர்ஸ் ஃபார் ஸ்காலர்ஸ்'. பிற்பாடு அது நாடு முழுக்கக் கிளை விட்டது. இன்றைக்கும் உள்ளூர் கிளப் பணம் ஏறக்குறைய அப்படித்தான் சேர்கிறது: ஞாயிற்றுக்கிழமை பான்கேக் விருந்து, பழைய புத்தக விற்பனை, ராஃபிள் சீட்டு. அதனால்தான் அது வீணாகும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அப்பாவும் மகளும் என் மேசைக்கு வந்தார்கள். பொறியியல் முதலாண்டு. என் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார். "மேடம், அந்தப் பக்கம் கிளப்ல 1,500 டாலர் கொடுத்தாங்க. இந்தப் பக்கம் நீங்க 1,500 எடுத்துட்டீங்க. அப்ப ஸ்காலர்ஷிப் கெடைச்சது என் பொண்ணுக்கா, உங்க காலேஜுக்கா?"

கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் நீளம். தொகைகளைச் சற்று மாற்றிச் சொல்கிறேன்.

ஒரு வருடப் படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு என்று கல்லூரி ஒரு கணக்கு வைத்திருக்கும். ட்யூஷன் மட்டுமல்ல, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து. அது 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் நிதியுதவிப் படிவத்தை நிரப்பியதும் குடும்பத்துக்கு ஒரு குறியீட்டு எண் வரும். 2024-25 கல்வியாண்டிலிருந்து அதற்கு 'ஸ்டூடன்ட் எய்ட் இண்டெக்ஸ்' என்று பெயர். அது 10,000 என்றால், மீதி 20,000தான் அந்தப் பெண்ணின் 'தேவை'. கல்லூரி அதை இப்படி நிரப்பியிருந்தது: திருப்பித் தர வேண்டாத கிராண்ட் 14,500, அரசுக் கடன் 3,500, வளாகத்திலேயே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் வொர்க்-ஸ்டடி 2,000. கச்சிதமாக 20,000.

இப்போது கிளப்பின் 1,500 வந்து சேர்கிறது. மொத்தம் 21,500. தேவையை அடிப்படையாக வைத்துக் கொடுக்கும் உதவியும் வெளியிலிருந்து வரும் பணமும் சேர்ந்து அந்தத் தேவையைத் தாண்டக் கூடாது என்பது விதி. எனவே எங்கேயோ 1,500 குறைந்தாக வேண்டும். எங்கே என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம். சில கல்லூரிகள் முதலில் கடனைக் குறைக்கும், பிறகு வொர்க்-ஸ்டடியை, கடைசியில்தான் தன் கிராண்டைத் தொடும். பிள்ளைக்கு அது உண்மையான லாபம். வேறு சில கல்லூரிகள் நேராகக் கிராண்டிலேயே கை வைக்கும். நான் அப்போது இருந்த இடம் இரண்டாவது ரகம். அப்படிச் செய்வதற்கு அவர்களிடம் ஒரு காரணம் உண்டு, மிச்சமாகும் பணம் இன்னொரு ஏழைப் பிள்ளைக்குப் போகும் என்பார்கள். என்னை அது ஒருநாளும் சமாதானப்படுத்தியதில்லை. பான்கேக் சுட்டவர்கள் நினைத்தது இந்தப் பிள்ளையைத்தானே.

இதற்குச் சட்டம் போட்ட மாநிலங்களும் இருக்கின்றன. 2017ல் மேரிலாந்து தன் அரசுக் கல்லூரிகளுக்கு இதைக் கட்டுப்படுத்தியதுதான் முதல். 2021ல் நியூ ஜெர்சி. 2022ல் கலிஃபோர்னியா, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக. மற்ற இடங்களில் கல்லூரி சொல்வதுதான் பெரும்பாலும் சட்டம். ஆகவே சேரும் முன்பே கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் வந்தால் நீங்கள் எதை முதலில் குறைப்பீர்கள்?" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மொத்தச் செலவுக் கணக்கில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினால், ரசீதைக் காட்டி அந்தத் தொகையைக் கணக்கில் ஏற்றச் சொல்லலாம். செலவு ஏறினால் தேவையும் ஏறும். 20,000 என்பது 21,500 ஆனால் கிளப் பணம் உட்கார இடம் கிடைத்துவிடும், கிராண்ட் தப்பிக்கும். அந்தப் பெண்ணுக்கு லேப்டாப் எப்படியும் வேண்டியிருந்தது. பொறியியல் துறையே ஒரு பட்டியல் கொடுத்திருந்தது.

கோப்பைத் திறந்து கிளப் கடிதத்தை எடுத்தேன். கடைசி வரியில் "இத்தொகை ட்யூஷன் கட்டணத்துக்கு மட்டுமே" என்றிருந்தது. ட்யூஷனுக்கு என்று கட்டிப்போட்ட பணத்தை லேப்டாப் கணக்கில் வைக்க எங்கள் அலுவலகம் ஒப்புக்கொள்ளாது. ஜன்னல் அங்கேயே சாத்திக்கொண்டது.

கடிதத்தின் கீழே கிளப் பொருளாளரின் தொலைபேசி எண் இருந்தது. மகளையே கூப்பிடச் சொன்னேன். பணம் கொடுத்தவரிடம் பேசும் உரிமை அவளுக்குத்தான் அதிகம். அவளுக்குக் கூச்சம், அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். ஒருவழியாகப் பேசினாள். மறுமுனையில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அந்த வரியை யார் எழுதியது என்று அவருக்கே தெரியவில்லை. முந்தைய பொருளாளர் விட்டுப்போன கடிதத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் வருடாவருடம் மாற்றிக்கொண்டிருந்தாராம். "பிள்ளைகள் பீட்சா வாங்கிச் செலவழித்துவிடக் கூடாதே என்று யாரோ போட்டிருப்பார்கள்" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது: ட்யூஷன், புத்தகம், கம்ப்யூட்டர், தங்குமிடம் எதற்கும் பயன்படுத்தலாம். லேப்டாப் ரசீதைச் சேர்த்தோம். கிராண்டில் ஒரு டாலரும் குறையவில்லை.

'ட்யூஷன் மட்டும்' என்பது பார்க்கப் பொறுப்பான வரி. வருமான வரி நேரத்திலும் அது காலை வாரும். பட்டப்படிப்பு மாணவருக்கு ட்யூஷன், கட்டணங்கள், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகள் ஆகியவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போனால் அந்தத் தொகை மாணவரின் வருமானம். இதைக் கேட்டதும் எல்லோரும் "அப்போ ட்யூஷனுக்கே போகட்டும்" என்பார்கள். பொறுங்கள். அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு 2,500 டாலர் வரை வரியில் கழியும். அதை முழுதாகப் பெற 4,000 டாலராவது ட்யூஷன், புத்தகத்துக்கு ஸ்காலர்ஷிப் அல்லாத பணத்தில் கட்டியிருக்க வேண்டும். ஸ்காலர்ஷிப்புகளே ட்யூஷனை முழுக்கத் தின்றுவிட்டால் கிரெடிட் போச்சு. கிளப்பின் கடிதம் தடுக்காதபோது, அந்தப் பணத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் காட்டி, பிள்ளை பெயரில் சிறு வருமானமாக ஏற்றுக்கொண்டு, பெற்றோர் கிரெடிட்டை எடுக்கலாம். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தன் வெளியீட்டிலேயே இதை விளக்கியிருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்து 1,80,000 டாலருக்கு மேல் வருமானம் காட்டும் குடும்பங்களுக்கு இந்தக் கிரெடிட் கிடையாது, அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் படிப்புக்காக வரிச்சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கு வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒன்று: வரியில்லாத ஸ்காலர்ஷிப் எவ்வளவோ, அவ்வளவு பணத்தை அந்தக் கணக்கிலிருந்து 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கலாம். ஈட்டிய பகுதிக்கு மட்டும் வரி உண்டு.

நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு விஷயம், வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கு மத்திய அரசின் கிராண்டும் கிடையாது, கடனும் கிடையாது. அதனால் "நமக்கு எதுவும் வராது" என்று ஸ்காலர்ஷிப் பக்கமே போவதில்லை. உள்ளூர் கிளப்புகள் பலவும் குடியுரிமை பற்றிக் கேட்பதே இல்லை. இந்த ஊர்ப் பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பத்தை முழுக்கப் படித்துவிட்டு விடுங்கள், படிக்காமலே விடாதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: விண்ணப்பிக்கவே கட்டணம் கேட்டால், அல்லது "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று உறுதி கொடுத்தால், அது கிளப் இல்லை, ஏமாற்று வேலை.

அப்புறம் பெயர். இது நம் ஊர்ச் சொத்து. பள்ளியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ, இன்னும் சிலருக்கு 'எஃப்என்யு' என்று முதல் பெயரே இல்லாத முதல் பெயர். கிளப் பள்ளிப் பெயரில் செக் எழுதும். கல்லூரிப் பதிவில் வேறு பெயர் இருக்கும். ஒருமுறை அப்படி ஒரு செக் எங்கள் டிராயரில் ஏழு வாரம் கிடந்தது. அதற்குள் அந்தப் பையனுக்குத் தாமதக் கட்டணமே போட்டுவிட்டார்கள். ஜூன் மாதமே கிளப்புக்கு உங்கள் பிள்ளையின் கல்லூரிப் பதிவுப் பெயரையும் மாணவர் எண்ணையும் அனுப்பிவிடுங்கள். செக் மாணவர் பெயருக்கா, கல்லூரிக்கா, இருவருக்கும் சேர்த்தா என்பதையும் கேட்டுவிடுங்கள். இருவர் பெயரும் இருந்தால் மாணவர் கையெழுத்து வேண்டும் என்று செக் தபாலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும்.

இதைப் படிப்பவர்களில் கிளப் உறுப்பினர்களும் இருக்கலாம், உதவித்தொகை கொடுக்கும் தமிழ்ச் சங்கத்தினரும் இருக்கலாம். தேர்வுக் குழுவில் இருப்பவரின் பிள்ளை விண்ணப்பித்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், அதைச் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் மேசைக்கு உதவுவது இவ்வளவுதான்: மாணவரின் பதிவுப் பெயர், எண். பணம் எந்தப் பருவத்துக்கு, ஏனென்றால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பல கல்லூரிகள் இரண்டு பருவத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துவிடும். படிப்புச் செலவு எதற்கும் பயன்படுத்தலாம் என்ற வரி. இதனால் கல்லூரியின் கிராண்ட் குறையுமானால் முதலில் கடனையும் வொர்க்-ஸ்டடியையும் குறையுங்கள், முடியாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறோம் என்ற வரி. கல்லூரி இதற்கெல்லாம் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் பணம் கொடுத்தவரின் விருப்பம் எழுத்தில் இருந்தால், என்னைப் போன்ற ஆள் மேலதிகாரியிடம் போய் வாதாட ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

அந்தப் பெரியவர் இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் எனக்குக் கடித வரைவை அனுப்பிச் சரிபார்க்கச் சொல்கிறார். போன தடவை பீட்சாவும் சாப்பாட்டுச் செலவில் சேருமா என்று கீழே ஒரு வரி கேட்டிருந்தார். சேரும், அதற்கு மட்டும் வரி உண்டு என்று எழுதி அனுப்பினேன்.