தப்பு மக்குகிறது, சப்பாத்து மக்கவில்லை

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்: "தோல் இயற்கைப் பொருள்தானே சேர், அப்ப தோல் சப்பாத்து மண்ணுல மக்கிப் போகுமா?"

எங்கள் லயத்துக்குப் பின்னால், லீக்ஸ் பாத்தியில் திருஷ்டிக்குக் கட்டிய பழைய சப்பாத்து ஒன்று தொங்குகிறது. நாலு வருட மழை பார்த்துவிட்டது. பாசி படர்ந்து விறைத்திருக்கிறதே தவிர, மக்கவில்லை. (லீக்ஸ் விலை விழுவதையும் அது தடுக்கவில்லை.) ஆனால் காமன் கூத்துக்கு எடுக்கும் தப்புப் பறையை ஒரு மழைக்காலம் ஈரச் சுவரில் சாத்தி வையுங்கள், பூஞ்சணம் பூத்து நாறத் தொடங்கும். இரண்டும் தோல்தான்.

தப்பில் இருப்பது முடி நீக்கி, இழுத்துக் காயவைத்த பச்சைத் தோல். தோலின் முக்கியப் புரதமான கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு. நனைந்தால் இழைகளுக்கிடையே நீர் புகும். பின்னாலேயே பற்றீரியா வந்து, தான் சுரக்கும் நொதியத்தால் (என்சைம்) கயிற்றை அறுக்கும்.

சப்பாத்துத் தோலோ பதனிட்டது. பதனிடுவது என்றால் என்ன? சாயத் தேத்தண்ணியைக் கடுப்பாக ஒரு மடக்குக் குடித்துப் பாருங்கள். நாக்கு இழுத்துப் பிடிக்கிறதல்லவா? தேயிலையின் பொலிபீனோல்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளவைக்கின்றன; வழுவழுப்புப் போய்விடுகிறது. பால் விட்டால் பால் புரதம் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலில் செய்வது இதே வேலை. அவற்றின் துவர்ப்புப் பொருளான தனின், ஒரு கையால் இந்த இழையையும் மறு கையால் அடுத்த இழையையும் பிடித்துக்கொள்கிறது. நொதியத்துக்கு வாய் வைக்க இடம் குறைகிறது. ஒவ்வொரு மடக்கிலும் நாம் நாக்கைக் கொஞ்சம் பதனிடுகிறோம் என்று சொன்னால் மிகையில்லை! நம் கழிவுத் தேயிலையால் தோல் பதனிட முடியுமா என்று ஆராயக் காசு ஒதுக்கினால் நான் கைதட்டுவேன்.

மரப்பட்டைத் தோல் மெதுவாகவேனும் மக்கும். ஆனால் பட்டையில் பதனிட வாரக்கணக்காகும். குரோமிய உப்புக்கு ஒரு நாள் போதும்; அதனால் இன்று பெரும்பாலான தோல் குரோமியத் தோல். அந்தப் பிணைப்பு முரட்டுத்தனமானது. பச்சைத் தோல் 60 பாகை செல்சியஸ் சுமாரில் சுருங்கும், குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். இதன் விலையை, தோல் ஆலைக் கழிவைச் சுமக்கும் ஆறு கொடுக்கிறது. தமிழ்நாட்டில் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றங்கரையில் கேட்டால் தெரியும். இதற்கு மாற்றாக விற்கும் ரெக்சினோ பிளாஸ்டிக் பூசிய துணி, அது எங்கே மக்கப்போகிறது?

"மக்காட்டி எரிச்சிருவோம்" என்றார் பாத்திக்காரப் பெரியவர். வேண்டாம் தாத்தா என்றேன். தோலிலுள்ள குரோமியம் பெரும்பாலும் மூன்று வலுவளவுடையது (வலுவளவு என்பது மற்ற அணுக்களோடு பிணையும் அளவு), அவ்வளவு தொல்லை தராது. தீயிலிட்டால் அதில் ஒரு பங்கு ஆறு வலுவளவுக்கு மாறலாம். அது புற்றுநோய் தரும். சாம்பல் நேரே லீக்ஸ் பாத்திக்குத்தான் போகும்.

திருஷ்டியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் அந்தச் சப்பாத்து அங்கேயே தொங்கட்டும்.