ஐனுக்களின் குறும்பி ஏன் ஈரமானது?

காதுக் குறும்பி சிலருக்குப் பிசுபிசுப்பாக இருக்கும், சிலருக்குப் பொடிப்பொடியாக உதிரும். இதை முடிவு செய்வது ஏபிசிசி11 என்ற ஒரே மரபணு. ஜப்பானியர்களில் பெரும்பாலோருக்கு உலர்ந்த குறும்பி. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனுக்களிடமோ ஈரக் குறும்பிதான் அவர்களைவிடக் கூடுதல்.

ஐனு மொழிக்கு உறவு மொழி என்று எதுவும் நிரூபணமாகவில்லை. பக்கத்திலேயே பேசப்படும் ஜப்பானிய மொழியோடுகூட ஒட்டு உறவு கிடையாது. மொழி தனித்து நிற்பதைப் பார்த்து, இந்த மக்களும் யாரோடும் கலக்காதவர்கள் என்று பலர் நினைத்தார்கள். ஐரோப்பியரின் பிரிந்துபோன கிளை என்றுகூட 19-ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். இரண்டுமே தவறு.

ஹொக்கைடோவுக்கு வடமேற்கே ரெபுன் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஃபுனாதொமாரியில் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணைப் புதைத்திருக்கிறார்கள். மண்பாண்டத்தில் கயிற்றை அழுத்திக் கோலமிட்ட ஜோமோன் வேட்டைச் சமூகத்தைச் சேர்ந்தவள். அவளுடைய கடைவாய்ப் பல்தான் கைகொடுத்தது. எனாமல் ஓடு உள்ளிருக்கும் டிஎன்ஏவை ஓரளவு காப்பாற்றி வைக்கும். பல்லைக் குடைந்தெடுத்த பொடியில் டிஎன்ஏ முழுசாக இருக்காது, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். காலப்போக்கில் அந்தத் துண்டுகளின் முனையில் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து சிதைந்துவிடுவதால், டிஎன்ஏவைப் படிக்கும் கருவி அதைத் தைமின் என்ற வேறோர் எழுத்தாகப் படிக்கும். பல்லைத் தொட்டவர்களின் புது டிஎன்ஏவில் இந்தச் சேதம் இருக்காது. பழசையும் புதுசையும் பிரிக்க இந்தச் சேதமே உதவுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த உத்தி இதுதான்.

2019-இல் அவளுடைய முழு மரபுத்தொகுதி வெளியானது. அவளுக்கும் ஈரக் குறும்பி! கொழுப்பை எரிப்பதற்கான சிபிடி1ஏ மரபணுவில், ஆர்க்டிக் மக்களிடம் பரவலாக உள்ள மாற்றம் இருந்தது. மீனும் கடல் பாலூட்டிகளும் தின்று வாழ்ந்த தீவுக்காரிக்குப் பொருத்தம்தான்.

இன்றைய மக்களோடு ஒப்பிட்டபோது, ஜோமோன் வம்சம் ஐனுக்களிடம் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்தது. ஜப்பானின் பெருநிலத்து மக்களிடம் பத்தில் ஒரு பங்குதான். ஐனுக்களின் ஈரக் குறும்பியும் அந்த ஜோமோன் வழியில் வந்திருக்கலாம். மீதி ஐனுக்களுக்கு எங்கிருந்து வந்தது? சகாலின் தீவு வழியாக 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் இறங்கிய ஒகோட்ஸ்க் மக்களுக்கு அதில் முக்கியப் பங்கு. அமுர் நதிப் பக்கத்து நிவ்க் மக்களுக்கு நெருக்கமானவர்கள், கரடி மண்டையோடுகளை வீட்டுக்குள் அடுக்கி வைத்தவர்கள். தாய்வழியாக வரும் ஒய் என்ற மைட்டோகாண்ட்ரியா வகை அவர்களிடமும் உண்டு, ஐனுக்களிடமும் உண்டு. ஆக, ஒட்டாமல் நின்றது மொழிதான், மக்கள் கலந்தார்கள்.

தந்தைவழிச் சான்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2004-இல் வெளியான ஆய்வில் 16 ஐனு ஆண்களில் 14 பேருக்கு டி வகை ஒய் குரோமோசோம் (மேலே சொன்ன மைட்டோகாண்ட்ரியா ஒய் வேறு, இது வேறு). நம் அந்தமானின் ஒங்கி, ஜாரவா ஆண்களுக்கும் டி வகைதான். ஆனால் இரு கிளைகளும் பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இதை வைத்து ஐனுக்களை அந்தமானியரின் பங்காளிகள் ஆக்கிவிட முடியாது.

வெறும் 16 பேர்தானா என்று தோன்றும். ஐனுக்கள் ஆய்வாளர்களை நம்பத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் கல்லறைகளைத் தோண்டி, 1,600-க்கும் மேற்பட்ட ஐனுக்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்திருந்தன. பல இடங்களில் குடும்பத்தாரைக் கேட்கவே இல்லை. வழக்குப் போட்ட பிறகுதான் 2016-இல் உரகாவா ஊருக்குச் சில எலும்புகள் திரும்பின. பேரப்பிள்ளைகள் தங்கள் முன்னோரை ஐனு முறைப்படி மறுபடியும் மண்ணில் வைத்தார்கள்.