சீட்டைத்தானே கழற்றினேன்?

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பட்டறை. வெள்ளை மாருதி ஈகோ வேன் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. முன்னால் போன லாரியில் மோதிய வண்டி, நசுங்காமல் என்ன செய்யும்? ஆனால் ஓட்டுநர் சீட்டின் முதுகும் வளைந்து ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்திருந்தது. மோதல் முன்னால் நடந்திருக்க, சீட்டை யார் பின்னாலிருந்து தள்ளியது?

பின்கதவைத் திறந்ததும் விளங்கிவிட்டது. பின்சீட்டே இல்லை. தரையில் ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் காய்ந்து ஒட்டிய தக்காளி விதைகள். பலகையைத் தூக்கிப் பார்த்தால், சீட் போல்ட் இருந்த துளைகளைச் சுற்றி வளையம் வளையமாகத் துரு. சீட் பெல்ட் கொக்கியையும் சேர்த்தே கழற்றியிருந்தார்கள்.

நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர். விபத்தான வண்டியைப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, கம்பெனிக்கு அறிக்கை தருவது என் வேலை. வண்டிக்காரர் கையில் கட்டுடன் நின்றுகொண்டிருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. "சார், சீட்டைத்தானே கழட்டினேன், இன்ஜினையா கழட்டினேன்?" என்றார். இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எத்தனை இருக்கை, என்ன வகை வண்டி, காலி எடை எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் தண்டனையும் கூடியது. 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஏழு சீட் என்று பதிவான வண்டி இரண்டு சீட்டோடு ஓடினால், பிரேக் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்த நிமிடமே ஆர்.சி.யும் வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும்.

மடிக்கிற சீட்டை மடித்து வைப்பது மாற்றம் ஆகாது, பயப்பட வேண்டாம். வீடு மாறும்போது பின்சீட்டை மடித்து உங்கள் மெத்தையையும் மிக்ஸியையும் ஏற்றிப் போகலாம். காரில் கொண்டுபோகும் சொந்த உடைமைகளைச் சட்டம் 'சரக்கு' என்ற சொல்லுக்குள் சேர்ப்பதில்லை.

மார்க்கெட் சரக்கை ஏற்றும்போதுதான் கதை மாறுகிறது. 'சரக்கு வாகனம்' என்றால் லாரி, டெம்போ என்றே நாம் நினைக்கிறோம். சட்டத்தின் விளக்கம் அதைவிட அகலமானது. சரக்கு ஏற்றுவதற்காகச் செய்யப்படாத வண்டியாக இருந்தாலும், அதில் சரக்கு ஏற்றிப் பயன்படுத்தும்போது அது சரக்கு வாகனம்தான். அப்படியானால் அது போக்குவரத்து வாகனமாகப் பதிவாகியிருக்க வேண்டும், வரி வேறு, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் கட்டாயம். முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஓன் போர்டு வண்டியில், அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில், இவை எதுவும் இருக்காது.

காப்பீட்டிலும் இதே சிக்கல்தான். தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி உண்டு. யாரும் படிப்பதில்லை. மாதிரிப் பொருட்கள், சொந்த லக்கேஜ் தவிர வேறு சரக்கு ஏற்றினால் இந்த பாலிசி செல்லாது என்று அதில் தெளிவாகவே இருக்கும். ஒட்டன்சத்திரம் வண்டியில் நான் பார்த்ததை எழுத வேண்டியது என் கடமை. எழுதினேன். க்ளைம் மறுக்கப்பட்டது. அந்த மனிதர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதுபோன்ற வரம்பு மீறலில் முழுவதும் மறுக்காமல் 'நான்-ஸ்டாண்டர்டு' முறையில் ஒரு தொகை தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அது தனியார் காரை வாடகைக்கு விட்ட வழக்கு. அந்தத் தீர்ப்பைக் காட்டி நுகர்வோர் ஆணையத்தில் வாதாடலாம். ஆனால் அதற்கு வக்கீல் வேண்டும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். அன்றாடம் மார்க்கெட் போனால்தான் சாப்பாடு என்கிறவர் எத்தனை நாள் அலைவார்?

பணத்தை விடுங்கள், அந்த வளைந்த சீட்டுக்கு வருகிறேன். தக்காளிப் பெட்டி ஒன்று 14 கிலோ. 20 பெட்டி என்றால் 280 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி சட்டென்று நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் சரக்கு அதே வேகத்தில் முன்னால் வரும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு இருக்கும் வேகம் அது. சரக்குக்காகவே செய்த வண்டியில் பொதுவாக ஓட்டுநருக்குப் பின்னால் தடுப்பு இருக்கும், கயிறு கட்டக் கொக்கி இருக்கும். சீட்டைக் கழற்றிய வண்டியில் 280 கிலோவுக்கும் ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் நடுவே அவருடைய சீட்டின் முதுகு மட்டும்தான். அவர் தோள்பட்டையோடு தப்பினார்.

இன்னொன்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழநி ரோட்டில் பார்க்கிறேன். வாரம் முழுக்கச் சரக்கு ஏற்றிய அதே வண்டியில் பாய் விரித்து, பிள்ளைகளை உட்கார வைத்து, கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், மீறினால் 1,000 ரூபாய். பாயில் உட்கார்ந்த குழந்தைக்குப் போட பெல்ட் ஏது? தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

சரி, தொழிலுக்கு வண்டி வேண்டுமென்றால்? வாங்கும்போதே கார்கோ மாடலாக வாங்குங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை. இது தெரியாமல், பர்மிட்டுக்கு அலைய வேண்டுமே என்று பயந்தே பலர் பயணிகள் வண்டியை வாங்கிச் சீட்டைக் கழற்றுகிறார்கள். வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்காக வண்டியை மாற்ற வேண்டுமென்றால் அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மாற்றம் என்றாலும் முடிந்ததும் ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு, காப்பீட்டு கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாய்வார்த்தை நாளைக்கு நிற்காது.

பழைய வேன் வாங்குகிறவர்கள், பின்சீட் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். விற்பதற்காகத் திரும்ப மாட்டிய சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தரைப்பாயைத் தூக்கி போல்ட்டுகளைப் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி இல்லாமல் ஒன்று புதிதாக மின்னினால், அல்லது ஒரு துளை காலியாக இருந்தால், சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.