புது சைக்கிளில் பழைய கை

போன ஆடி மாதம் ஒரு வாடிக்கையாளர் இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். காறை எலும்பு முறிவு. பின்னாலேயே அவருடைய மகன் அந்த மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். “பிரேக்குல ஏதோ கோளாறுங்கண்ணா. தொட்டதும் தூக்கி முன்னாடி எறிஞ்சிருச்சு” என்றார். வண்டி வாங்கி அன்றைக்கு ஆறாவது நாள்.

பிரேக்கை முழுசாகச் சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை. அப்புறம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, “எப்படிப் பிடிச்சீங்க, வலது கையில காட்டுங்க” என்றேன். நான்கு விரலையும் லிவரில் போட்டு மொத்தமாக இறுக்கினார். பதினொரு வருடம் அவர் ஓட்டியது 26 இஞ்ச் வீலும் ரப்பர் கட்டை பிரேக்கும் உள்ள சைக்கிள். அதில் அப்படி இறுக்கினால்தான் வண்டி நிற்கும். புது வண்டியில் இருப்பதோ திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். அதற்கு ஆள்காட்டி விரல் ஒன்றே போதும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. புது டிஸ்க் பிரேக் முதல் நாளிலேயே முழுசாகப் பிடிக்காது. டிஸ்க்கைக் கவ்வும் பேட் கொஞ்சம் தேய்ந்து, அதன் பூச்சு டிஸ்க்கில் படிந்த பிறகுதான் பிடிப்பு ஏறும். முதல் சில நாள் ‘பிரேக் மந்தமா இருக்கே’ என்று இன்னும் அழுத்திப் பிடித்துப் பழகியிருக்கிறார். பிடிப்பு ஏறிய பிறகும் கை அதே அழுத்தத்தைத்தான் கொடுத்தது. ஜல்லி கிடந்த ஒரு சின்ன இறக்கத்தில் முன்வீல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வண்டியின் பாகங்களைப் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். கியர் சரிசெய்தேன், சீட் உயரம் வைத்தேன். பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு எந்த வண்டியையும் அப்படி வெளியே அனுப்புவதில்லை.

இப்போது முதலில் செய்வது லிவரை இடம் மாற்றுவது. பெரும்பாலான வண்டிகளில் பிரேக் லிவர் கிரிப்பை ஒட்டியே இருக்கும். அதைக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளி வைத்தால், லிவரின் நுனி ஆள்காட்டி விரலுக்கு மட்டும் எட்டும். மற்ற மூன்று விரலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும். நான்கு விரலால் இழுக்க நினைத்தாலும் முடியாது. அடுத்து, வாகனம் வராத ஒரு மைதானத்தில், ஓரளவு வேகத்தில் போய், வீல் நின்று இழுபடாமல், நடை வேகத்துக்கு வரும்வரை பிடிக்க வேண்டும். முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. பேடும் படியும், விரலுக்கும் அளவு தெரியும்.

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் கொண்டுவரும் வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் வலது லிவர் முன் பிரேக். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இடது லிவர்தான் முன் பிரேக். வண்டியில் ஏறுவதற்கு முன்பே வலது லிவரைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், எந்த வீல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அவசரத்தில் கை பழைய பக்கத்தைத்தான் தேடும். அதனால் கடையில் கொடுத்து மாற்றிவிடுவதே நல்லது.

சரி, வீலுக்கு வருவோம். பழைய வண்டியில் 26 இஞ்ச், புதியவற்றில் பெரும்பாலும் 27.5 அல்லது 29 இஞ்ச். 26 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர், 27.5-க்கு 584, 29-க்கு 622. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் டயரோடு சேர்த்துப் பார்த்தால், 29 இஞ்ச் வீல் 26 இஞ்சைவிட ஒரு சுற்றுக்குச் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும். கல்லும் குழியும் அதற்குச் சிறிதாகத் தெரியும், சுலபமாக ஏறி உருண்டுவிடும். கிளப்புவதற்கும் திருப்புவதற்கும் மட்டும் கொஞ்சம் கூடுதல் முயற்சி வேண்டும். பழைய வண்டியில் எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறினீர்களோ, அதைவிட இலகுவான கியர் தேவைப்படும். ‘எனக்கு ஸ்டாமினா குறைஞ்சுபோச்சு’ என்று வருத்தப்பட்டு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

எந்த வீல் நல்லது என்று கேட்பவர்களுக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆண்கள் மவுண்டன் பைக் போட்டியைச் சொல்வேன். தங்கம் வாங்கிய யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 இஞ்ச் வீலில் ஓட்டினார். வெள்ளி வாங்கிய நினோ ஷூர்ட்டர் 27.5 இஞ்சில். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு வினாடிதான். உங்கள் உயரத்துக்கும் போகும் பாதைக்கும் பொருந்துவது எதுவோ அதுவே நல்லது.

வீலை மட்டும் பழி சொல்லவும் முடியாது. பழைய மவுண்டன் பைக்கில் முன்வீலைத் தாங்கும் ஃபோர்க் நிமிர்ந்து நிற்கும், தரையிலிருந்து அளந்தால் சுமார் 71 டிகிரி. இப்போது வரும் டிரெயில் (கரடுமுரடான மண்பாதை) வண்டிகளில் 65, 66 டிகிரிக்குச் சாய்ந்திருக்கும். ஹேண்டில்பார் அன்றைக்கு 600 மில்லிமீட்டர் சுற்றி இருந்தது, இன்றைக்கு 760, 780 சாதாரணம். பழைய வண்டியை ஹேண்டிலைத் திருப்பியே வளைத்துவிடலாம். புதியதைச் சாய்த்துத்தான் வளைக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தி, முழங்கையைக் கொஞ்சம் விரித்து, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைத்தால் வண்டி தானாக வரும்.

பழைய ஆட்களுக்கு இதில் ஒரு ஆபத்தான பழக்கம் இருக்கிறது. இறக்கத்தில் பயம் வந்ததும் சீட்டுக்குப் பின்னால் போய்த் தொங்குவார்கள். நிமிர்ந்த ஃபோர்க் உள்ள வண்டியில் அது அவர்களைக் காப்பாற்றியது. சாய்ந்த ஃபோர்க்கில் முன்வீல் ஏற்கெனவே தள்ளி முன்னால் இருக்கிறது. நீங்களும் பின்னால் போய்விட்டால் முன்வீலில் பாரமே இருக்காது, வளைவில் சறுக்கிவிடும். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் இப்படி விழுந்து, முழங்கை தோலுரிந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெடலில் எழுந்து நின்று, நடுவில் இருங்கள். மேடு ஏறும்போது முன்வீல் இங்கும் அங்கும் அலைந்தால், சீட்டின் நுனிக்கு நகர்ந்து முழங்கையை மடக்குங்கள்.

உயரம் குறைந்தவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சின்ன ஃபிரேமில் 29 இஞ்ச் வீல் போட்டிருந்தால், மெதுவாக யூ-டர்ன் அடிக்கும்போது ஷூவின் முனை முன்டயரில் இடிக்கலாம். சாலையில் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே வட்டமடித்துப் பார்த்துவிடுங்கள்.

காற்று விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். டயர் ஓரத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதையே இலக்காக வைத்து 60 பி.எஸ்.ஐ. ஏற்றிக்கொண்டு மண்பாதைக்குப் போகிறார்கள். அகலமான டயர் பந்து மாதிரி துள்ளும், பிடிமானம் போய்விடும். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, 2.25 இஞ்ச் அகல டயரில் ட்யூப் போட்டிருந்தால், நான் 30 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். ரிம் கல்லில் இடித்தால் இரண்டு ஏற்றலாம், துள்ளினால் இரண்டு இறக்கலாம். மீட்டர் உள்ள பம்ப் ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும்.

முதல் மாதம் பழைய வண்டியையும் புது வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். தெரிந்த பாதையில், கூட்டம் சேர்க்காமல், புதியதை மட்டும் ஓட்டுங்கள். குழுவோடு போனால் அவர்களுடைய வேகத்துக்கு நீங்களும் போய்விடுவீர்கள்.

செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது, ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் டிஸ்க்கைத் துணியால் மூடிவிட்டு அடியுங்கள். புது வீலில் கம்பிகள் ஓட ஓட இளகும். 100 கிலோமீட்டர் ஓடியதும் கடைக்குக் கொண்டுபோய்க் கம்பி இழுவை பார்த்து, கோட்டம் இருந்தால் எடுத்து, ஹேண்டில்பார் போல்ட்டுகளையும் சரியான இறுக்கத்தில் வைத்துத் தரச் சொல்லுங்கள். கை கட்டோடு வந்த அந்த அண்ணன் இப்போது 400 கிலோமீட்டர் தாண்டிவிட்டார், போன வாரம்தான் அவருடைய பின்வீலில் கோட்டம் எடுத்துக் கொடுத்தேன்.